சிறைவாயிலும் வீட்டுவாயிலும்: தொடக்கக்காலத் திருச்சபையில் வேண்டுதலும் விடுதலையும்

முன்னுரை

இறைவனை நோக்கி எழுப்பப்படும் வேண்டுதலும் அதற்குக் கிடைக்கும் விடையும் சமய இலக்கியங்கள் பலவற்றுக்கும் பொதுவான பொருள்களாகும். கிறித்தவ மறைநூலின் புதிய ஏற்பாட்டில் இப்பொருளை நிகழ்ச்சிகளின் வழியே விரித்துக் காட்டும் நூல் ‘திருத்தூதர் பணிகள்’ என்பதாகும். சீர்திருத்தத் திருச்சபையினர் இதனை ‘அப்போஸ்தலருடைய நடபடிகள்’ என வழங்குவர். லூக்கா நற்செய்தியை எழுதிய ஆசிரியரே இதனையும் எழுதினார் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. இதன் காலத்தைக் கி.பி. 80-க்கும் 90-க்கும் இடைப்பட்டதெனப் பெரும்பாலோர் கொள்வர்.

இந்நூலின் 12ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையினின்று விடுவிக்கப்படும் நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. திருச்சபை வேண்டியது, இறைவன் வானதூதரை அனுப்பினார், பேதுரு விடுதலை பெற்றார் என்று இதனைச் சுருக்கிக் கூறுவது வழக்கம். இவ்வாறு கூறுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு என்னும் திருத்தூதர் வாளுக்கு இரையாகிறார். அவரை விடுவிக்க எந்தத் தூதரும் வரவில்லை. ஒருவர் காக்கப்பட்டார், மற்றவர் கைவிடப்பட்டாரா? வேண்டுதலின் வலிமை ஒருவருக்குப் போதுமானதாகவும் மற்றவருக்குப் போதாததாகவும் அமைந்ததா? இவ்வினாக்களைத் தொடக்கக்காலத் திருச்சபை எவ்வாறு எதிர்கொண்டது என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

இவ்வதிகாரத்தில் ‘ஏரோது’ எனச் சுட்டப்படும் அரசன் முதலாம் அகிரிப்பா ஆவான். இயேசு பிறந்த காலத்தில் ஆண்ட பெரிய ஏரோதின் பெயரன் இவன். கி.பி. 41இல் உரோமைப் பேரரசன் கிளவுதியு யூதேயாவையும் சமாரியாவையும் இவனுடைய ஆட்சிக்கு உட்படுத்தினான். கி.பி. 44இல் இவன் இறந்தான். ஆகவே நாம் ஆராயும் நிகழ்ச்சி இம்மூன்றாண்டுகளுக்குள் நடந்ததாதல் வேண்டும்.

அகிரிப்பாவின் இளமை வரலாற்றை யூத வரலாற்றாசிரியராகிய யோசேபஸ் விரிவாகத் தந்துள்ளார். கலிகுலா விரைவில் அரியணை ஏற வேண்டும் என்று வாய்தவறி விழைந்தமைக்காகப் பேரரசன் திபேரியு இவனைச் சங்கிலியால் பிணித்துச் சிறையிலிட்டான். கி.பி. 37இல் திபேரியு இறந்ததும் கலிகுலா இவனை விடுவித்தான். இவன் அணிந்திருந்த இரும்புச் சங்கிலியின் எடைக்கு எடை பொன்னால் ஒரு சங்கிலி செய்து பரிசளித்தான். பின்னாளில் அரசனாக எருசலேமுக்கு வந்தபோது அப்பொற்சங்கிலியைத் தன் விடுதலையின் நினைவாக அகிரிப்பா கோவிலில் தொங்கவிட்டான் என்பர் யோசேபஸ்.

திருத்தூதர் பணிகளின் ஆசிரியர் இச்செய்தியைக் குறிப்பிடவில்லை. எனினும் இரு நூல்களையும் ஒருங்குவைத்து நோக்கும்போது ஒரு முரண் நமக்குப் புலனாகின்றது. சிறையிலிருந்து விடுபட்டமைக்கு இறைவனுக்கு நன்றிக் காணிக்கை செலுத்திய அதே அரசன், அதே நகரில், மற்றொருவரை இரண்டு சங்கிலிகளால் பிணித்து வைத்தான். விடுதலை பெற்றவர் எல்லாரும் விடுதலை அளிப்பவர் ஆகிவிடுவதில்லை.

சிறைவாயில் திறந்த இரவு

யாக்கோபின் கொலை எருசலேமில் ஆதரவு பெற்றதைக் கண்ட அகிரிப்பா பேதுருவையும் பிடிக்கச் செய்தான். அது புளிப்பில்லா அப்பத் திருவிழாக்காலம். பஸ்கா முடிந்தபின் அவரை மக்கள் முன் நிறுத்துவது அவனது திட்டம். நான்கு நால்வராகப் பதினாறு படைவீரர் காவலுக்கு அமர்த்தப்பட்டனர். உரோமையர் இரவை நான்கு சாமங்களாகப் பகுத்தனர் ஆதலின் சாமத்திற்கு ஓர் அணி என்பது இதன் கருத்தாகலாம். இத்துணைக் காவலுக்கு எதிராகத் திருச்சபையிடம் இருந்த கருவி ஒன்றே: வேண்டுதல். அவ்வேண்டுதலின் தன்மையைக் குறிக்க ஆசிரியர் ‘எக்டெனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை ஆள்கின்றார். கை நீட்டுதல், இழுத்து விரித்தல் ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்த இச்சொல் இடைவிடாமையையும் உருக்கத்தையும் ஒருங்கே உணர்த்துவதாகும்.

விசாரணைக்கு முந்திய இரவில் பேதுரு உறங்கிக் கொண்டிருந்தார். இருபுறமும் இரு வீரர். இரு கைகளிலும் சங்கிலி. தூதர் வந்து நின்றதும் அறை ஒளி பெற்றது. அப்போதும் அவர் விழிக்கவில்லை. தூதர் விலாவில் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. இடைக்கச்சையைக் கட்டு, மிதியடியை அணி, மேலாடையைப் போர்த்திக்கொள் எனச் சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரு காவல்களைக் கடந்தனர். நகரை நோக்கிய இரும்புக் கதவு தானே திறந்தது. ‘பேசா’ எனப்படும் பழைய கையெழுத்துப் படி, அவர்கள் ஏழு படிகள் இறங்கினர் என்ற செய்தியையும் இவ்விடத்தில் சேர்த்துரைக்கின்றது. ஒரு தெரு கடந்ததும் தூதர் மறைந்தார். அதுவரை தாம் காண்பது காட்சியென்றே பேதுரு எண்ணியிருந்தார்.

பூட்டிய கதவுகள் தாமே திறத்தல் கிரேக்க இலக்கியத்திற்குப் புதியதன்று. கி.மு. 405 அளவில் அரங்கேறிய யூரிப்பிடிசின் ‘பாக்கே’ நாடகத்தில், சிறைப்பட்ட பெண்களின் தளைகள் தாமே கழன்று கதவுகள் மனிதக் கைபடாமல் திறக்கின்றன. எனவே இக்காட்சி அக்கால வாசகருக்குப் பழக்கமான இலக்கிய உத்தியை நினைவூட்டியிருக்கும். ஆயினும் இந்நிகழ்ச்சியின் ஆழ்ந்த வேர் கிரேக்க நாடகத்தில் இல்லை. இசுரயேலரின் விடுதலைப்பயண நூலில் உள்ளது என நாம் கருதுகிறோம்.

இதற்கு மூன்று சான்றுகளைச் சுட்டலாம். முதலாவது காலம். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா நாள்களிலேயே பேதுருவும் விடுவிக்கப்படுகிறார். இரண்டாவது கோலம். பஸ்கா உணவை இடைக்கச்சை கட்டி, மிதியடி அணிந்து, விரைந்து புறப்படும் நிலையில் உண்ண வேண்டும் என்பது விடுதலைப்பயண நூல் தரும் கட்டளை. தூதர் பேதுருவுக்குச் சொல்வனவும் இவையே. மூன்றாவது சொல்லாட்சி. தம்மை ஆண்டவர் விடுவித்தார் என்று பேதுரு உணரும் இடத்தில் வரும் வினைச்சொல், இசுரயேலரை எகிப்தியரிடமிருந்து விடுவிப்பதைக் குறிக்கக் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் வரும் அதே சொல்லாகும். ஸ்தேவானின் உரையிலும் மோசேயின் அழைப்பைக் கூறுமிடத்து இச்சொல் வந்துள்ளது. ஆகவே ஒரு தனிமனிதரின் தப்பித்தலை ஆசிரியர் ஒரு மக்களினத்தின் பழைய நினைவோடு இணைத்து வைக்கின்றார் எனலாம்.

கதவைத் தட்டிய விடை

சிறைவாயில் திறந்தது. அடுத்துத் திறக்க வேண்டியது வீட்டுவாயில். யோவான் மாற்குவின் தாயாகிய மரியாவின் இல்லத்தில் பலர் கூடி வேண்டிக் கொண்டிருந்தனர். பேதுரு வெளிக்கதவைத் தட்டினார். ரோதை என்னும் பணிப்பெண் வந்து அவர் குரலை அறிந்தாள்; மகிழ்ச்சி மிகுதியால் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் செய்தி சொன்னாள். உள்ளிருந்தோர் அவளுக்குப் பித்துப் பிடித்துள்ளது என்றனர். அவள் உறுதியாகச் சொன்னபோது, வந்திருப்பது அவருடைய தூதராக இருக்கும் என்றனர். இரும்புக் கதவைக் கடந்து வந்தவர் மரக்கதவின் முன் நின்று மீண்டும் மீண்டும் தட்டிக் கொண்டிருந்தார்.

நகைச்சுவை மிளிரும் இக்காட்சியை வெறும் அணியாகக் கொள்ளுதல் பொருந்தாது. விடாது வேண்டியவர்களே தங்கள் வேண்டுதலுக்கு விடை வந்ததை நம்பவில்லை. அதனை முதலில் அறிந்தவள் அவ்வீட்டில் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்த பணிப்பெண். இயேசு உயிர்த்தெழுந்த செய்தியைப் பெண்கள் கொணர்ந்தபோது திருத்தூதர்கள் அதனைப் பிதற்றல் எனக் கருதியதை இதே ஆசிரியர் தம் நற்செய்தி நூலின் இறுதியில் கூறியுள்ளமை இங்கு ஒப்பிடத்தக்கது.

இதனால் பெறப்படும் கருத்து முதன்மையானது. பேதுருவின் விடுதலைக்குக் காரணம் வேண்டியவர்களின் ஐயமற்ற நம்பிக்கை என்று இந்நூல் கூறவில்லை. கூறவும் இடம் வைக்கவில்லை. உள்ளிருந்தோரின் நம்பிக்கை குறையுடையதாகவே காட்டப்படுகிறது. இக்காட்சியை மனத்திற் கொண்டால், யாக்கோபுக்காக வேண்டியவர்களின் நம்பிக்கை குறைந்தமையால்தான் அவர் இறந்தார் என்று பழி சுமத்துவதற்கும் வழி இல்லாது போகின்றது. இறப்பைக் கண்ட குடும்பங்களை நோக்கி, உங்கள் வேண்டுதல் போதவில்லை எனக் கூறும் கொடுமையை இவ்வதிகாரம் தன் அமைப்பாலேயே தடுக்கின்றது என்பது நம் துணிபு.

விடுவிக்கப்படாதவர்கள்

யாக்கோபின் இறப்பு கிரேக்க மூலத்தில் ஏழே சொற்களில் கூறப்பட்டுள்ளது. பேதுருவின் விடுதலையோ பதினைந்துக்கும் மேற்பட்ட வசனங்களில் விரிகின்றது. ஏன் யாக்கோபு காக்கப்படவில்லை என்ற வினாவை ஆசிரியர் எழுப்பவுமில்லை, விடை கூறவுமில்லை. ஆயினும் அச்செய்தியை அவர் மறைக்கவில்லை. விடுதலைக் கதையை மட்டும் சொல்லி மகிழ விரும்பியிருந்தால் அந்த ஏழு சொற்களை விட்டுவிடுவது எளிது. அவற்றைத் தொடக்கத்திலேயே வைத்ததனால், பின்வரும் விடுதலை முழுவதையும் ஓர் இறப்பின் நிழலில் நின்றே நாம் படிக்க வேண்டியவர்களாகிறோம்.

இந்நூல் முழுவதிலும் இத்தகைய இணைவுகளைக் காணலாம். ஐந்தாம் அதிகாரத்தில் திருத்தூதர்களை வானதூதர் சிறையிலிருந்து வெளிக்கொணர்கிறார். அவர்கள் மீண்டும் பிடிபட்டுக் கசையடி பெறுகின்றனர். ஏழாம் அதிகாரத்தில் ஸ்தேவான் கல்லெறியுண்டு சாகிறார். அவர் இறுதியாக வேண்டியது தம்மைக் கொல்வோரின் மன்னிப்பை. நான்காம் அதிகாரத்தில் அச்சுறுத்தலுக்கு உள்ளான திருச்சபை கூடி வேண்டுகிறது. அவ்வேண்டுதலில் அவர்கள் பாதுகாப்பைக் கேட்கவில்லை. துணிவுடன் பேசும் ஆற்றலையே கேட்கின்றனர்.

பேதுருவின் விடுதலைக்கு மற்றொரு விலையும் உண்டு. காலையில் காவலர்கள் விசாரிக்கப்பட்டுக் கொல்லப்படுவதற்கென இழுத்துச் செல்லப்பட்டனர். இதனையும் ஆசிரியர் பதிவு செய்துள்ளார். 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறையில் இந்நிலை மாறுகின்றது. நள்ளிரவில் பவுலும் சீலாவும் பாடி வேண்டிக்கொண்டிருக்க, நிலநடுக்கத்தால் கதவுகள் திறந்து அனைவரின் தளைகளும் கழன்றன. கைதிகள் தப்பினர் என எண்ணிய சிறைக்காவலன் தன் வாளை உருவித் தன்னை மாய்த்துக்கொள்ள முற்பட்டபோது, எல்லாரும் இங்கேயே இருக்கிறோம் என்று கூறிப் பவுல் அவனைத் தடுத்தார். அங்குக் கதவு திறந்தும் எவரும் வெளியேறவில்லை. அவ்விரவில் காக்கப்பட்டவன் சிறையைக் காத்தவனே.

12ஆம் அதிகாரத்தின் முடிவும் குறிப்பிடத்தக்கது. செசரியாவில் மக்கள் தன்னைத் தெய்வம் எனப் புகழ்ந்தபோது மறுக்காத அகிரிப்பாவை ஆண்டவரின் தூதர் அடிக்கிறார்; அவன் இறக்கிறான். அவன் வெள்ளியாடை அணிந்து அரங்கில் தோன்றியதையும் திடீரென நோயுற்று ஐந்து நாளில் இறந்ததையும் யோசேபசும் எழுதியுள்ளார். பேதுருவின் விலாவைத் தூதர் தட்டியதற்கும் அரசனை அடித்ததற்கும் மூலத்தில் ‘பட்டாஸ்ஸோ’ என்னும் ஒரே வினையே வந்துள்ளது. எகிப்தின் தலைப்பேறுகள் வீழ்ந்ததைக் கூறக் கிரேக்கப் பழைய ஏற்பாடு ஆளும் வினையும் இதுவே. உறங்கியவனை எழுப்பிய கையே உயர்த்திக் கொண்டவனை வீழ்த்தியது என்பது கருத்து. மொழிபெயர்ப்பில் இருவேறு சொற்கள் இடப்படும்போது இவ்வியைபு மறைந்துபோதல் இயல்பு.

பவுலின் அனுபவம்

பவுலின் திருமுகங்கள் திருத்தூதர் பணிகளுக்கு முந்தியவை. அவற்றிலும் இவ்விரு நிலைகள் காணப்படுகின்றன. ஆசியாவில் தமக்கு நேர்ந்த சாவுக்கு ஒத்த இடரினின்று இறைவன் காத்தார் என்றும், அதில் பிறரின் வேண்டுதலுக்குப் பங்குண்டு என்றும் கொரிந்தியருக்கு அவர் எழுதுகிறார். அதே திருமுகத்தின் பிற்பகுதியில், தம் உடலில் தைத்த முள்ளைப்போன்ற துன்பம் ஒன்று நீங்க மும்முறை வேண்டியதையும், அது நீங்காமல் அருள் மட்டும் போதும் என்ற விடை கிடைத்ததையும் கூறுகிறார்.

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் மற்றொரு சான்று உண்டு. எருசலேமுக்குப் புறப்படும் முன் பவுல் தமக்காக வேண்டுமாறு கேட்டுக்கொள்கிறார். யூதேயாவில் உள்ள எதிர்ப்பாளரிடமிருந்து தாம் காக்கப்பட வேண்டும். பின்னர் மகிழ்ச்சியோடு உரோமைக்கு வர வேண்டும் என்பன அவருடைய விருப்பங்கள். நடந்தது என்ன? எருசலேமில் அவர் பிடிபட்டார். அவரைக் கொல்ல நாற்பதுக்கும் மேற்பட்டோர் சூளுரைத்தபோது உரோமைப் படையே அவரைப் பாதுகாத்து இரவோடிரவாகச் செசரியாவுக்குக் கொண்டு சென்றது. அங்கு ஈராண்டுச் சிறை; பின்னர்க் கடற்பயணம், கப்பற்சேதம்; முடிவில் உரோமை. அவர் காக்கப்பட்டார், உரோமையையும் அடைந்தார். ஆனால் கைதியாக அடைந்தார். வேண்டியது கிடைத்தது, வேண்டியவர் நினைத்த வடிவில் கிடைக்கவில்லை.

பிற்கால விளக்கங்கள்

இவ்வினா அடுத்துவந்த தலைமுறைகளிலும் தொடர்ந்தது. விடுவிக்கப்பட்ட பேதுருவும் இறுதிவரை விடுவிக்கப்பட்டவர் அல்லர். நீரோ காலத்தில் அவர் உரோமையில் கொல்லப்பட்டார் என்பது பழைய மரபு.

சிமிர்னா நகர ஆயராகிய பொலிகார்ப்பு ஏறத்தாழக் கி.பி. 155இல் தம் முதுமையில் எரியூட்டப்பட்ட வரலாறு இங்கு நோக்கத்தக்கது. தீ அவரைத் தீண்டாமல் காற்றில் விரிந்த கப்பற்பாய்போல் சூழ்ந்து நின்றது என அவ்வரலாறு கூறுகின்றது. தானியேல் நூலில் சூளையிலிடப்பட்ட மூவரை இது நினைவூட்டும். ஆனால் அம்மூவர்போல் அவர் வெளியே வரவில்லை. கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் தீயின்முன் எழுப்பிய வேண்டுதலும் தப்புவதற்கானதன்று, நன்றி கூறுவது.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசில் வாழ்ந்த தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டி வேண்டுதலைப் பற்றித் தனிநூல் எழுதினார். பழைய ஏற்பாட்டு வேண்டுதல் தீயினின்றும் விலங்குகளினின்றும் பசியினின்றும் காத்தது. கிறித்தவ வேண்டுதலோ துன்பத்தை அகற்றாமல், துன்புறுவோர்க்குத் தாங்கும் வலிமையை அளிப்பது என்று அவர் வேறுபடுத்துகிறார். அதனைக் குறைந்த பயன் என்று அவர் கொள்ளவில்லை. மேம்பட்ட பயன் என்றே போற்றுகிறார்.

ஒரிஜன் ஏறத்தாழக் கி.பி. 233இல் எழுதிய நூல், இறைவன் அனைத்தையும் முன்னறிவார் எனில் வேண்டுவதால் பயன் என்ன என்ற தடையை எடுத்து ஆராய்கின்றது. மனிதரின் உரிமையுள்ள தேர்வுகளையும் அவர்தம் வேண்டுதல்களையும் உள்ளடக்கியதே இறைவனின் முன்னறிவு என்பது அவர் விடை. இவ்வாறு எழுதியவர் கி.பி. 250இல் தெக்கியு மன்னனின் ஒறுத்தலின்போது சிறையில் வதைக்கப்பட்டுச் சில ஆண்டுகளில் இறந்தார்.

அதே காலத்தில் உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் சூளையில் நின்ற மூவரும், சிங்கங்களிடையே நின்ற தானியேலும், மீனின் வாயினின்று மீண்ட யோனாவும் ஓவியங்களாகத் தீட்டப்பட்டனர். இறந்தோரைப் புதைத்த இடத்தில் தப்பியவர்களின் ஓவியங்கள்! சாவிலிருந்து தப்புதல் மட்டுமே விடுதலை எனக் கொண்டிருந்தால் இவ்வோவியங்களுக்கு அவ்விடம் பொருந்தியிராது. சாவுக்கு அப்பாலும் செல்லும் காப்பினையே அவர்கள் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

தமிழ்ச் சொல்வழக்கு

திருத்தூதர் பணிகள் நான்கு நற்செய்திகளுடன் 1714இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பாகத் தமிழில் அச்சேறியது. அன்று தொடங்கி இப்பொருளைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவ வழக்கில் பல சொற்கள் பயின்று வந்துள்ளன. ‘செபம்’ என்பது உருவேற்றலைக் குறிக்கும் ‘ஜபம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. ‘மன்றாட்டு’ என்பதில் மன்றில் நின்று வழக்குரைத்தல் என்ற பொருட்சாயல் உண்டு. மரியாவின் இல்லத்தில் நிகழ்ந்த கூட்டு வேண்டுதலுக்கு இப்பிற்சொல் பொருத்தமானதென நாம் கருதுகிறோம்.

அவ்வாறே ‘விடுதலை’ தளையினின்று நீங்குதலையும், ‘இரட்சிப்பு’ காத்தலையும், ‘மீட்பு’ இழந்ததைத் திரும்பப் பெறுதலையும் சுட்டும். ஆநிரை மீட்டலைப் பாடும் கரந்தைத் திணையை அறிந்தோர்க்கு, மீட்கச் சென்றவன் மாய்ந்து நடுகல்லாவதும் உண்டு என்பது தெரியும். இச்சொற்களை ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு மாற்றி மாற்றி வழங்கும்போது, பேதுருவுக்குக் கிடைத்ததே எல்லார்க்கும் கிடைக்க வேண்டியது என்ற மயக்கம் தோன்றுகின்றது. பேதுரு பெற்றது விடுதலை. யாக்கோபு அதனைப் பெறவில்லை. ஆனால் மீட்பிலிருந்து அவர் விலக்கப்பட்டவர் என்று அத்திருச்சபை ஒருபோதும் எண்ணவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தொடக்கக்காலத் திருச்சபை வேண்டுதலை விளைவு உறுதிசெய்யப்பட்ட ஒரு கருவியாகக் கருதவில்லை என்பது தெளிவாகும். விடுதலை நிகழ்ந்தபோது அதனை மகிழ்ச்சியோடு பதிவு செய்தது. நிகழாதபோது அதனையும் அதே ஏட்டில் எழுதி வைத்தது. வேண்டியவர்களின் ஐயத்தையும், காவலர்களின் சாவையும் அது விலக்கவில்லை.

யாக்கோபு கொல்லப்பட்ட பின்னரே அத்திருச்சபை பேதுருவுக்காக வேண்டக் கூடியது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அண்மையில் ஒருவரை இழந்தவர்கள் அவர்கள். இம்முறையும் விடை வராமற்போகலாம் என்பதை அறிந்தே இரவு முழுதும் விழித்திருந்தனர். அவ்வறிவே அவர்களைக் கதவு தட்டப்பட்டபோது நம்பவிடாமல் தடுத்திருக்கலாம். எனினும் அவர்கள் வேண்டுவதை நிறுத்தவில்லை. தொடக்கக்காலத் திருச்சபையின் வேண்டுதலை விளக்க முற்படுவோர், திறந்த சிறைக்கதவை மட்டுமன்றி, அவ்வீட்டினுள் விழித்திருந்தவர்களையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.